பட்டப் போட்டியின் திருப்புமுனை எங்கே? உங்கள் கம்ப்யூட்டரில் தேடுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு செஸ் விளையாட்டை இன்ஸ்டால் செய்து, நாலு முறை தோற்று, "இது நமக்கு ஆகாது" என்று மூடி வைத்து விடுகிறார்கள். கம்ப்யூட்டரிடம் செஸ்ஸில் தோற்பதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. 1997-ம் ஆண்டிலேயே ஐபிஎம்-மின் டீப் புளூ, அப்போதைய உலக சாம்பியன் காஸ்பரோவை நியூயார்க்கில் 3.5 - 2.5 என்ற கணக்கில் தோற்கடித்து விட்டது. இன்று காசில்லாமல் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ் அந்த டீப் புளூவை விடப் பல மடங்கு பலமானது. எனவே அதை எதிரியாக உட்கார வைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் கணக்குப்பிள்ளையாக வைத்துக் கொள்ளுங்கள். அப்போதுதான் அதன் அருமை தெரியும்.

இந்தப் பாடத்தில் நாம் செய்யப் போவது அதுதான். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம் சென்னையைச் சேர்ந்த குகேஷ், சீனாவின் டிங் லிரனை வென்று உலக சாம்பியன் ஆனார். 14 ஆட்டங்கள். அவற்றில் போட்டியின் போக்கு எங்கெங்கே திரும்பியது என்பதை வீட்டுக் கம்ப்யூட்டரில் நாமே தேடிக் கண்டுபிடிக்கப் போகிறோம். காய்கள் எப்படி நகரும் என்று தெரிந்தால் போதும்.

ஆட்டம் என்பது ஒரு டெக்ஸ்ட் பைல்

செஸ் ஆட்டங்களைச் சேமித்து வைக்கும் பைல் வகைக்கு பிஜிஎன் என்று பெயர். உள்ளே படமும் இல்லை, புரோகிராமும் இல்லை. வெறும் எழுத்துதான். நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். மேலே சதுர அடைப்புக்குறிகளில் ஆடியவர்கள் பெயர், ஊர், தேதி, முடிவு ஆகியவை இருக்கும். அதற்குக் கீழே நகர்வுகள் வரிசையாக வரும்.

செவிலிமேட்டில் இதை விளக்குவது எனக்குச் சுலபம். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் அட்டைகள் தொங்குவதைப் பார்க்காத பிள்ளைகள் இங்கே குறைவு. அட்டைக்குள் சேலை இல்லை; ஓட்டைகள்தான் இருக்கின்றன. ஓட்டை உள்ள இடத்தில் பாவு நூல் மேலே எழும், இல்லாத இடத்தில் கீழேயே கிடக்கும். அதே அட்டைக் கட்டைக் கழற்றி அதே கணக்கில் கட்டிய இன்னொரு தறியில் மாட்டினால், அதே அன்னம் அதே பார்டரில் வந்து உட்காரும். பிஜிஎன்னும் அப்படித்தான். சிங்கப்பூரில் நடந்த ஆட்டம் ஒரு நகர்வு மாறாமல் உங்கள் திரையில் மறுபடி நடக்கும். இடையில் ஒரு விஷயம்: ஓட்டை போட்ட அட்டையால் இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்கும் அந்த யோசனையைத்தான் பிற்காலத்தில் கம்ப்யூட்டர்காரர்கள் எடுத்துக் கொண்டார்கள். தறி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் ஒன்றும் அந்நியம் இல்லை.

பிஜிஎன்னைப் படிக்க எழுத்துகளைத் தெரிந்து கொள்ளுங்கள். பலகையின் கட்டங்களுக்கு இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை எழுத்து, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண். ராஜாவுக்கு கே, ராணிக்கு கியூ, யானைக்கு ஆர், பிஷப்புக்கு பி. குதிரைக்கும் ஆங்கிலத்தில் கே-தான் வர வேண்டும்; அதை ராஜா எடுத்துக் கொண்டதால் குதிரைக்கு என். சிப்பாய்க்கு எழுத்தே கிடையாது. பிஷப்பைக் குறிக்கும் பி பெரிய எழுத்து, கட்டத்தைக் குறிக்கும் பி சின்ன எழுத்து. கையால் டைப் செய்யும்போது இதில் கவனம் வேண்டும்.

எந்த சாப்ட்வேர்? இன்டர்நெட் இருந்தால் லிச்செஸ் டாட் ஆர்க் போதும். முழுக்க இலவசம், விளம்பரமும் கிடையாது. மேலே உள்ள டூல்ஸ் மெனுவில் இம்போர்ட் கேம் என்பதைக் கிளிக் செய்யுங்கள். தோன்றும் பெட்டியில் பிஜிஎன் எழுத்துகளை பேஸ்ட் செய்தால் பலகை வந்து விடும். அதே மெனுவில் உள்ள அனாலிசிஸ் போர்டில் மவுஸாலேயே காய்களை நகர்த்தியும் ஆட்டத்தைப் பதியலாம். இன்டர்நெட் எப்போதும் இருக்காது என்றால் அரீனா அல்லது ஸ்கிட் என்ற இலவச சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்து, அதற்குள் ஸ்டாக்ஃபிஷ் என்ஜினைச் சேர்த்துக் கொள்ளுங்கள். என்ஜின் செட்டிங்கில் த்ரெட்ஸ் என்று ஒரு எண் கேட்கும். உங்கள் பிராசஸரில் உள்ள கோர்கள் அத்தனையையும் கொடுக்காதீர்கள். லேப்டாப் சூடாகி, மின்விசிறி இரைய ஆரம்பித்து விடும். பாதி கொடுத்தால் நம் வேலைக்குத் தாராளம்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பிஜிஎன் என்ற பெயரில் வந்த பைல் உண்மையில் வேறு ஏதாவதாக இருக்கலாம். விண்டோஸ் வழக்கமாகப் பைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்து வைக்கும். விண்டோஸ் 11-ல் பைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வியூ, ஷோ, பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போய் டிக் செய்து விடுங்கள். பெயரின் கடைசியில் இஎக்ஸ்இ என்று தெரிந்தால் அது ஆட்டப் பதிவு இல்லை. திறக்காமல் அழித்து விடுங்கள்.

கை பழக 17 நகர்வுகள்

சிங்கப்பூருக்குப் போகும் முன் ஒரு சின்ன ஆட்டத்தில் பழகுவோம். 2012 மே மாதம், மாஸ்கோ. நம் விஸ்வநாதன் ஆனந்தும் இஸ்ரேலின் போரிஸ் கெல்ஃபாண்டும் உலகப் பட்டத்துக்கு மோதினார்கள். முதல் ஆறு ஆட்டங்களும் டிரா. மே 20 அன்று ஏழாவது ஆட்டத்தில் கெல்ஃபாண்ட் ஜெயித்து 4 - 3 என்று முந்தினார். ஆனந்துக்குப் பெரிய நெருக்கடி. மறுநாளே எட்டாவது ஆட்டம். அதில் ஆனந்துக்கு வெள்ளை. இதோ முழு ஆட்டம், மவுஸால் நகர்த்திக் கொண்டே வாருங்கள்:

1. டி4, குதிரை எஃப்6. 2. சி4, ஜி6. 3. எஃப்3, சி5. 4. டி5, டி6. 5. இ4, பிஷப் ஜி7. 6. குதிரை இ2, ராஜா பக்கம் கேஸ்லிங். 7. இ2-ல் உள்ள குதிரை சி3, குதிரை எச்5. 8. பிஷப் ஜி5, பிஷப் எஃப்6. 9. பிஷப் எஃப்6-ல் வெட்டு, சிப்பாய் எஃப்6-ல் வெட்டு. 10. ராணி டி2, எஃப்5. 11. சிப்பாய் எஃப்5-ல் வெட்டு, பிஷப் எஃப்5-ல் வெட்டு. 12. ஜி4, யானை இ8 செக். 13. ராஜா டி1, பிஷப் பி1-ல் வெட்டு. 14. யானை பி1-ல் வெட்டு, ராணி எஃப்6. 15. சிப்பாய் எச்5-ல் வெட்டு, ராணி எஃப்3-ல் வெட்டு, செக். 16. ராஜா சி2, ராணி எச்1-ல் வெட்டு. 17. ராணி எஃப்2.

அவ்வளவுதான், கெல்ஃபாண்ட் விலகி விட்டார். உலகப் பட்டப் போட்டிகளில் இவ்வளவு குறைந்த நகர்வுகளில் வெற்றி தோல்வி முடிவான ஆட்டம் வேறு இல்லை.

என்ஜினைப் போடாமல் கடைசி நிலையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். கறுப்பு ராணி எச்1 மூலையில் நிற்கிறது. எந்தப் பக்கம் போனாலும் வெட்டு. அடுத்து வெள்ளை தன் எஃப்1 பிஷப்பை டி3-க்கு எடுத்தால், பி1 யானைக்கு முதல் வரிசை திறந்து ராணி காலி. குதிரையை சி6-ல் பலி கொடுத்துத்தான் ராணியைக் காப்பாற்ற முடியும். அப்படிச் செய்தால் வெள்ளையிடம் பிஷப்பும் குதிரையும் மிஞ்சும். கறுப்பிடம் அவற்றுக்கு ஈடாக ஒரு யானையும் இரண்டு சிப்பாயும்தான்.

இப்போது என்ஜினைப் போட்டு, 10-வது நகர்விலிருந்து ஒவ்வொன்றாக வாருங்கள். 14-வது நகர்வில் கறுப்பு ராணி எஃப்6-க்கு வந்ததும் எண் எகிறும். என்ஜின் சொல்வது அவ்வளவுதான்: "தவறு இங்கே". ஏன் தவறினார் என்பதை அது சொல்லாது. அதை நாம்தான் பார்க்க வேண்டும். 15-ல் ஒரு சிப்பாய், 16-ல் ஒரு முழு யானை என்று கெல்ஃபாண்டின் கணக்கில் லாபமாக வருகிறது. 17-ல் வரும் ராணி நகர்வு எதையும் வெட்டவில்லை, செக்கும் கொடுக்கவில்லை. கணக்கு ஒரு நகர்வுக்கு முன்னால் நின்று விட்டது. போட்டி அந்த ஆட்டத்தோடு 4 - 4 ஆனது. கடைசியில் 6 - 6 என்று முடிந்து, மே 30 அன்று நடந்த ரேபிட் டைபிரேக்கில் ஆனந்த் 2.5 - 1.5 என்று பட்டத்தைத் தக்க வைத்துக் கொண்டார்.

எண் என்ன சொல்கிறது?

பலகைக்குப் பக்கத்தில் +0.4, -1.2 என்று தெரிவதுதான் என்ஜினின் மதிப்பீடு. பிளஸ் என்றால் வெள்ளைக்குச் சாதகம், மைனஸ் என்றால் கறுப்புக்கு. முன்பெல்லாம் 1.00 என்றால் ஒரு சிப்பாய் அளவு லாபம் என்று பொருள். 2022 கடைசியில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல் அளவுகோலை மாற்றி விட்டார்கள்: என்ஜினும் என்ஜினும் மோதினால் அந்த நிலையில் ஜெயிக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்பதுதான் இப்போது 1.00. "என்ஜினும் என்ஜினும்" என்ற சொற்களை மறந்து விடாதீர்கள். ஆடுவது மனிதர்கள். அவர்களுக்குத் தூக்கம், பயம், கடிகாரம் எல்லாம் உண்டு.

எண்ணுக்குப் பக்கத்தில் ஆழம் என்று இன்னொரு எண் ஓடும். அது ஏறிக்கொண்டே போகும்போது மதிப்பீடும் மாறும். ஒவ்வொரு நகர்விலும் அரை நிமிடமாவது பொறுத்திருந்து எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் 2024

லிச்செஸ்ஸின் பிராட்காஸ்ட் பகுதியில் இந்தப் போட்டியின் ஆட்டங்கள் கிடைக்கும். டவுன்லோட் செய்து நோட்பேடில் திறந்தால் நகர்வுகளுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நேரம் இருப்பதைப் பார்க்கலாம். அது அந்த நகர்வை ஆடி முடித்தபோது கடிகாரத்தில் மிச்சமிருந்த நேரம். என்னைக் கேட்டால் மதிப்பீட்டு எண்ணை விட இதுதான் முக்கியம்.

ஏன் என்றால் இந்தப் போட்டியின் நேர விதி கடுமையானது. முதல் 40 நகர்வுகளுக்கு 120 நிமிடம். அதுவரை ஒரு வினாடி கூடக் கூடுதல் கிடையாது. 41-வது நகர்விலிருந்துதான் மேலும் 30 நிமிடமும், நகர்வுக்கு 30 வினாடி போனஸும். நவம்பர் 25 அன்று முதல் ஆட்டத்திலேயே கறுப்புக் காய்களோடு ஆடிய டிங் 42 நகர்வில் ஜெயித்தார். 27-ம் தேதி மூன்றாவது ஆட்டத்தில் குகேஷ் பதிலடி கொடுத்தார். அந்த ஆட்டத்தின் நேரங்களைப் பாருங்கள். டிங்கின் ஒரு பிஷப் சிக்கிக் கொள்கிறது, நிலை மோசமாகிறது, கூடவே கடிகாரமும் கரைகிறது. 37-வது நகர்வில் நேரம் தீர்ந்தே தோற்றார். நேரத்தைத் தனியாகவும் நிலையைத் தனியாகவும் படித்தால் இது புரியாது. ஒன்று மற்றொன்றைத் தின்றது.

பிறகு வரிசையாக ஏழு டிரா. அவசரக்காரர்கள் இந்த ஏழையும் தாண்டிப் போய் விடுவார்கள். நீங்கள் ஆறாவதில் மட்டுமாவது நில்லுங்கள். நகர்வுகள் திரும்பத் திரும்ப வந்து டிராவில் முடியும் வாய்ப்பு குகேஷுக்குக் கையில் இருந்தது. என்ஜின் கணக்கில் அவர் நிலை கொஞ்சம் குறைவாகவே இருந்தது. ஆனாலும் அவர் அதை ஏற்காமல் தொடர்ந்து ஆடினார். ஆட்டம் டிராவில்தான் முடிந்தது. போட்டி முழுவதற்குமான அவருடைய திட்டம் எனக்கு இந்த ஆட்டத்தில்தான் தெரிந்தது: டிங்கை ஒவ்வொரு நாளும் கடைசி வரை உட்கார வைப்பது.

அதற்குக் காரணம் இருக்கிறது. 14 ஆட்டங்களுக்குப் பிறகு 7 - 7 என்றால் வேகமான டைபிரேக். 2023-ல் அஸ்தானாவில் டிங் பட்டம் வென்றதே ரேபிட் டைபிரேக்கில்தான். ரேபிட் ரேட்டிங்கிலும் குகேஷை விட அவரே மேலே. சமமாகவே போய்க் கொண்டிருந்தால் டிங்குக்கு வசதி. குகேஷ் சமநிலைகளிலேயே சண்டையைத் தேட வேண்டியிருந்தது.

டிசம்பர் 8, பதினொன்றாவது ஆட்டம். டிங் 28-வது நகர்வில் ராணியை சி8-க்கு எடுக்கிறார். உடனே சி6-ல் இருந்த குதிரை பறிபோகிறது. 29-வது நகர்வோடு ஆட்டம் முடிந்தது. குகேஷ் 6 - 5 என்று முதல் முறையாக முந்துகிறார். "இதுதான் திருப்புமுனை" என்று அன்று பலரும் எழுதினார்கள். மறுநாளே டிங் 39 நகர்வில் அழகாக ஜெயித்து 6 - 6 ஆக்கி விட்டார். திருப்புமுனையை அன்றைக்கே அறிவிப்பதில் உள்ள ஆபத்து இதுதான். ஒரு ஆட்டத்தின் எண் எகிறிய இடமும், போட்டியே திரும்பிய இடமும் வேறு வேறாக இருக்கலாம்.

பதின்மூன்றாவது ஆட்டம் 69 நகர்வு, டிரா. 6.5 - 6.5.

சைபர் என்றால் முடிந்து விட்டதா?

டிசம்பர் 12, கடைசி ஆட்டம், டிங்குக்கு வெள்ளை. இந்த ஆட்டத்தை இங்கே பிள்ளைகளுக்குத் திரையில் காட்டிக் கொண்டிருந்தபோது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், கம்ப்யூட்டர் 0.00-ன்னு காட்டுதே. டிரான்னு தெரிஞ்ச பிறகும் இவர் ஏன் ஆடிட்டே இருக்கார்?" நல்ல கேள்வி. என்ஜினோடு பழகும் பிள்ளைகள் இன்று பெரும்பாலும் இப்படித்தான் நினைக்கிறார்கள். 0.00 என்றால் முடிந்து விட்டது, -2 என்றால் விலகி விடலாம் என்று. அதனால் தங்கள் சொந்த ஆட்டத்திலும் சமநிலை வந்தவுடன் கை நீட்டி விடுகிறார்கள்.

நிலையைப் பாருங்கள். ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷிடம் ஒரே ஒரு சிப்பாய் கூடுதல். சிப்பாய்கள் எல்லாம் பலகையின் ஒரே பக்கத்தில். என்ஜினுக்கு இதைக் காப்பது ஒரு வேலையே இல்லை; அதனால்தான் சைபருக்கு அருகிலேயே நிற்கிறது. ஆனால் காப்பாற்ற வேண்டியவர் டிங். மூன்று வாரக் களைப்பு, கடிகாரத்தில் எதிராளியை விடக் குறைந்த நேரம், தோற்றால் பட்டமே போய் விடும் என்ற நினைப்பு. குகேஷுக்கோ ஒரு சிப்பாய் கூடுதலாக இருப்பதால் தோற்கும் ஆபத்து அநேகமாக இல்லை. இருவருக்கும் எண் ஒன்றுதான், சுமை ஒன்றில்லை.

55-வது நகர்வில் டிங் யானையை எஃப்2-க்குக் கொண்டு வந்து, யானைகளை மாற்றிக் கொள்ளலாம் என்று காட்டுகிறார். காய்கள் குறைந்தால் டிரா சுலபம் என்ற எண்ணம் இயல்புதான். இங்கே நிறுத்தி, என்ஜினை அணைத்து, அவருடைய பிஷப் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஏ8, அதாவது மூலை. பலகையின் நடுவில் நிற்கும் பிஷப்புக்கு நாலு திசை. மூலையில் நிற்பதற்கு ஒரே ஒரு குறுக்குப் பாதை. யானைகளை வெட்டிக் கொண்ட பிறகு குகேஷ் தன் பிஷப்பை டி5-ல் வைத்து அந்த ஒரே பாதையை மறித்து விட்டார். பிஷப்புகளும் மாறியே ஆக வேண்டும். அப்புறம் மிஞ்சுவது ராஜாவும் சிப்பாயும் மட்டுமே. அங்கே ஒரு சிப்பாய் கூடுதல் என்பது ஜெயிப்பதற்குப் போதும். 58-வது நகர்வில் டிங் விலகினார். 7.5 - 6.5. பதினெட்டு வயதில் உலக சாம்பியன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் 55-க்கும் குகேஷின் பதிலுக்கும் நடுவில் உள்ளது. டிங் யானையை நகர்த்திய கணத்தில் அந்தத் தவறு தன் கண்ணில் படவே இல்லை, வேறொரு யானை நகர்வை ஆடப் போனேன் என்று குகேஷே பிறகு பேட்டியில் சொன்னார். அப்படி ஆடியிருந்தால்? என்ஜின் வரைபடத்தில் ஒரு சின்ன முள் போல ஏறி இறங்கியிருக்கும், போட்டி மறுநாள் டைபிரேக்குக்குப் போயிருக்கும். தவறு செய்ய ஒருவர், அதைப் பார்க்க இன்னொருவர் என்று திருப்புமுனைக்கு இருவர் வேண்டும். 55 நகர்வு வரை நிதானமாக உட்கார்ந்ததால்தான், கையை எடுத்து விட்டு மறுபடி ஒரு முறை பார்க்க அவருக்கு நேரம் இருந்தது.

எக்செலில் வரைந்து பாருங்கள்

எக்செல் இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசம். முதல் காலத்தில் நகர்வு எண், இரண்டாவதில் என்ஜின் மதிப்பீடு, மூன்றாவதிலும் நான்காவதிலும் இருவருக்கும் மிச்சமுள்ள நிமிடங்கள். ஜெயிக்கும் நிலையில் எண் 20, 30 என்று போனால் அப்படியே போடாதீர்கள். மற்ற கோடெல்லாம் தரையோடு படுத்து விடும். 5-க்கு மேல் போனதையெல்லாம் 5 என்றே போடுங்கள். பிறகு எல்லாவற்றையும் செலக்ட் செய்து இன்சர்ட் மெனுவில் லைன் சார்ட்டைக் கொடுங்கள். நிமிடங்களை இரண்டாவது அச்சுக்கு மாற்றினால் இரண்டு கதையும் ஒரே படத்தில் தெரியும். மூன்றாவது ஆட்டத்துக்கும் பதினான்காவதுக்கும் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலாவதில் கோடு படிப்படியாகச் சாயும். இரண்டாவதில் தரையோடு வந்து திடீரென்று விழும்.

முழுப் போட்டிக்கும் இன்னொரு ஷீட் போடலாம். குகேஷ் எடுத்த புள்ளிகள் வரிசையாக: 0, 0.5, 1, பிறகு ஏழு முறை 0.5, அப்புறம் 1, 0, 0.5, 1. ஒவ்வொரு வரியிலும் முந்தைய மொத்தத்தோடு கூட்டிக் கொண்டு வாருங்கள். கடைசியில் 7.5 வர வேண்டும். வராவிட்டால் ஃபார்முலாவைச் சரி பாருங்கள்.

வீட்டுப் பாடமாக ஒன்று. 2013 நவம்பர் 21, சென்னையில் நடந்த ஆனந்த் - கார்ல்சன் பட்டப் போட்டியின் ஒன்பதாவது ஆட்டம். ஏழு வயதுச் சிறுவனாகக் குகேஷ் பார்வையாளர் இடத்தில் உட்கார்ந்து பார்த்த போட்டி அது. 3 - 5 என்று பின்தங்கியிருந்த ஆனந்த் வெள்ளைக் காய்களோடு ராஜாவை நோக்கித் தாக்குகிறார். கார்ல்சனின் சிப்பாய் 27-வது நகர்வில் பி1-ஐ எட்டி ராணியாகி செக் கொடுக்கிறது. தடுக்க எஃப்1-க்குக் குதிரையும் வரலாம், பிஷப்பும் வரலாம். என்ஜினை அணைத்து விட்டு, இரண்டுக்கும் கார்ல்சனின் பதில் என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதிய பிறகு போட்டுப் பாருங்கள்.